வேலூர் வெயிலுக்கும் போர் தண்ணிக்கும் தாங்குற மீன் எது? புதுசா தொட்டி வெக்கிறவங்களுக்கு

நம்ம ஊர்ல புதுசா மீன் தொட்டி வெக்கணும்னு நெனக்கிறவங்க கடைக்கு போறதுக்கு முன்னாடி பாத்ரூமுக்கு போயி பக்கெட்ட ஒரு தடவ பாருங்க. உள்பக்கம் வெள்ளையா உப்பு படிஞ்சு சொரசொரன்னு இருக்கா, ஷவர் ஓட்டை அடைச்சிருக்கா, ஹீட்டர் காயில் மேல சுண்ணாம்பு மாதிரி ஏறியிருக்கா, அப்படின்னா எந்த மீன் உங்க வீட்ல பொழைக்கும் எது பொழைக்காதுன்னு பாதி முடிவு அங்கயே ஆயிடுச்சு. மீதி பாதிய மே மாசம் முடிவு பண்ணும்.

நான் இத கத்துக்கிட்டது பன்னெண்டு நியான் டெட்ராவ சாகக் குடுத்துத்தான். காட்பாடியில வாடகை வீடு, மேல மொட்டை மாடி, ஏப்ரல் மாசம், கடையில அந்த நீலமும் சிவப்புமா மின்னுறத பாத்துட்டு அன்னைக்கே தொட்டி அன்னைக்கே மீனுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். கடைக்காரர் ஒரு வார்த்த கூட தண்ணி எப்படின்னு கேக்கல, எனக்கும் கேக்கணும்னு தெரியல. பத்து நாள்ல ஒண்ணு கூட மிச்சமில்ல. தெனம் காலைல எந்திரிச்சா ரெண்டு மீன் மெதக்கும், என் அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா, அவ அழுதத இன்னும் மறக்க முடியல.

அதே வருஷம் குடியாத்தத்துல அத்த வீட்டுக்கு போயிருந்தேன். அங்க கிணத்து பக்கத்துல ஒரு பழைய சிமெண்ட் தொட்டி, புங்க மரத்து நெழல்ல, ஃபில்டர் கெடையாது ஒண்ணும் கெடையாது, அதுல கறுப்பு மாலி மீன் கூட்டம் கூட்டமா சுத்துது. "இன்னா அத்த போடுற இதுங்களுக்கு"ன்னு கேட்டேன். "இன்னா போடறது, ரெண்டு சோத்துப் பருக்க போடுவேன், கொசுப்புழு அதுங்களே தின்னுக்குதுங்க, ஆறு வருஷமா கீதுங்க"ன்னாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அப்பத்தான் உக்காந்து யோசிச்சேன். நான் மீன புடிச்சிருக்குன்னு எடுத்துட்டு அப்புறம் தண்ணிய அதுக்கு ஏத்த மாதிரி மாத்தப் பாத்தேன். அத்த வீட்ல இருந்த தண்ணிக்கு ஏத்த மீன் தானா அமைஞ்சிருந்துச்சு. பராமரிப்பு கம்மியா இருக்கற மீன்னு தனியா ஒரு ஜாதி கெடையாதுங்க, உங்க தண்ணிக்கும் உங்க சூட்டுக்கும் ஒத்துப்போற மீனுக்குத்தான் பராமரிப்பு கம்மி. நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடை மீனு, உப்பே இல்லாத மெதுவான தண்ணியில பொறந்தது, அத நம்ம போர் தண்ணியில வுட்டா அது என்ன பண்ணும் பாவம்.

மொதல்ல தண்ணிய பாருங்க

வேலூர், சத்துவாச்சாரி, காட்பாடி, இந்தப்பக்கம் ராணிப்பேட்டை, ஆற்காடு, அந்தப்பக்கம் குடியாத்தம், ஆம்பூர்னு எங்க இருந்தாலும் பெரும்பாலும் ரெண்டு மூணு விதமான தண்ணிதான் வீட்ல இருக்கும். போர் தண்ணி, மேட்டூர் பக்கத்துல இருந்து வர்ற காவிரி கூட்டுக் குடிநீர், அப்புறம் ஆர்ஓ இல்லன்னா கேன் தண்ணி. உங்க வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு சர்வீஸ் பண்ண வர்றவர்கிட்ட தண்ணியில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும், அவர் வர்ற அன்னைக்கு போர் தண்ணியையும் குழா தண்ணியையும் ஒரு டம்ளர்ல புடிச்சு வெச்சு அளந்து காட்டச் சொல்லுங்க, காசு கேக்க மாட்டாங்க. குடிக்கிற தண்ணிக்கு நம்ம நாட்டு அளவு 500, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும் ஏத்துக்கறாங்க. மீனுக்கு நான் பாக்கறது என்னன்னா, 500-க்குள்ள இருந்தா நான் கீழ சொல்லப்போற மீன் எல்லாமே வெக்கலாம், 500-ல இருந்து 1000 கிட்டன்னா கப்பி, மாலி, பிளாட்டி இந்த மூணோட நின்னுக்கலாம், அதுக்கும் மேல போச்சுன்னா குழா தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ பாதிக்குப் பாதி கலந்துக்கங்க.

சுத்தமா இருக்குமேன்னு தொட்டி முழுக்க ஆர்ஓ தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க. அதுல மீனுக்கு வேண்டிய கால்சியம் மெக்னீசியம் எல்லாம் போயிடுது, கப்பியும் மாலியும் அதுல சோர்ந்து போயி வால சுருக்கிட்டு ஆடிக்கிட்டே நிக்கும். அதே மாதிரி ஆர்ஓல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய வீணாக்க வேணாமேன்னு தொட்டிக்கு ஊத்தறவங்களையும் பாத்திருக்கேன், அது போர் தண்ணிய விட உப்பு கூட, செடிக்கே யோசிச்சு ஊத்தணும். தோல் தொழிற்சாலைங்க ஜாஸ்தி இருக்கற ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து ஆளுங்க போர் தண்ணி மேல நம்பிக்கை வெக்காம குழா தண்ணியே எடுத்துக்கறது நல்லது.

குழா தண்ணியில குளோரின் இருக்கும், மூக்குக்கு வாசம் வந்தா கட்டாயம் இருக்கு. அது மீனோட செவுள எரிச்சிடும். ஒரு பெரிய பக்கெட்லயோ டிரம்லயோ புடிச்சு மூடாம ஒரு நாள் முழுக்க வெச்சா போயிடும், அவசரம்னா கடையில ஆன்டி குளோரின்னு சின்ன பாட்டில் விக்கிறாங்க, அதுல போட்டிருக்கற அளவு சொட்டு விட்டா சில நிமிஷத்துல சரியாயிடும். நான் தனியா ஒரு பச்ச பக்கெட் வெச்சிருக்கேன், அதுல சோப்பு படவே கூடாதுன்னு வீட்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அப்படி ஒண்ணு ஒதுக்கிடுங்க.

தொட்டியும் அத வெக்கிற எடமும்

குடுவை வேணாம். அழகா இருக்கு, டீவி மேல வெக்கலாம்னு வாங்கிடாதீங்க, 3 லிட்டர் தண்ணி மத்தியானத்துல ரூம் சூடு என்னவோ அதே சூடு ஆயிடும், அழுக்கும் ஒரே நாள்ல ஏறிடும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு சின்ன தொட்டிதான் ஈஸின்னு தோணும், நெசத்துல பெரிய தொட்டிதான் ஈஸி, தண்ணி ஜாஸ்தின்னா எதுவும் சீக்கிரம் கெட்டுப்போகாது. 2 அடி நீளம் 1 அடி அகலம் 1 அடி ஒசரம் இருக்கற தொட்டி ஆரம்பத்துக்கு போதும், அதுல 57 லிட்டர் கிட்ட கொள்ளும், கல்லு எல்லாம் போட்டப்புறம் தண்ணி ஒரு 45 லிட்டர் நிக்கும். கண்ணாடி, கல்லு, தண்ணி எல்லாம் சேந்தா 70 கிலோவுக்கு மேல வரும், அதனால பழைய பிளைவுட் ஸ்டாண்டு மேல வெக்காதீங்க, சமமான எடம் பாத்து கீழ ஒரு தெர்மோகோல் ஷீட் போட்டு வெய்யுங்க.

எடம்னா, மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ரூம விட கீழ் வீட்டு ரூம் நல்லது, மேற்கு பாத்த ஜன்னலுக்கு பக்கத்துல வெக்கவே கூடாது. சாயங்கால வெயில் ஒரு மணி நேரம் கண்ணாடியில பட்டாலே தண்ணியும் சூடாகும் பச்ச பாசியும் புடிக்கும். ஃபேனுக்கு கீழ இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஃபில்டர் விஷயத்துல என் கருத்து ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான், ஏர் பம்ப்ல ஒரு டியூப் போட்டு ஓடறது. விலையும் கம்மி, மீன் குட்டிய உறிஞ்சாது, கெட்டுப்போறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

மீன் இல்லாம ஒரு மாசம்

இந்த ஒரு மாசம் தாங்க ரொம்ப முக்கியம், இதத்தான் யாரும் சொல்லித் தர மாட்டேங்கறாங்க. மீன் போடற கழிவுல இருந்தும் மிஞ்சின தீனியில இருந்தும் அம்மோனியான்னு ஒண்ணு வரும், அது விஷம். தொட்டியில ஒரு வகை பாக்டீரியா வளந்து அத நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை பாக்டீரியா வந்து அத நைட்ரேட்டா மாத்தும், அது கொஞ்சம் இருந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ரெண்டு பாக்டீரியாவும் ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும் ஒட்டி வளர 4-ல இருந்து 6 வாரம் ஆகும். புது தொட்டியில அதுங்க இல்ல, அதனாலதான் வாங்கிட்டு வந்த ஒரு வாரம் பத்து நாள்ல மீன் மடமடன்னு சாகுது, ஜனங்க கண்ணு பட்டுச்சு, ராசி இல்லன்னு விட்டுடறாங்க.

நம்ம பக்கத்துக்கு இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. தண்ணியில பிஎச், அதாவது அமிலமா காரமான்னு காட்டற அளவு, 7-க்கு மேல போகப் போகவும், தண்ணி சூடாக ஆகவும், அதே அளவு அம்மோனியாவுல விஷமா வேல செய்ற பங்கு கூடும். நம்ம போர் தண்ணி பெரும்பாலும் பிஎச் கூட, வெயிலும் கூட, அதனால ஊட்டியில ஒருத்தர் அவசரப்பட்டு தப்பிச்சிடலாம், வேலூர்ல முடியாது.

பண்ண வேண்டியது ஒண்ணும் கஷ்டமில்ல. தொட்டியில தண்ணி நெரப்பி ஃபில்டர ஓட விட்டு தெனமும் மீனுக்கு போடற மாதிரியே ஒரு சிட்டிகை தீனி போட்டுட்டு வாங்க, அது அழுகி அம்மோனியா வந்து அத திங்க பாக்டீரியா வளரும். தெரிஞ்சவங்க வீட்ல நல்லா ஓடிட்டு இருக்கற தொட்டி இருந்தா அவங்க ஸ்பாஞ்சுல பாதி கேட்டு வாங்கி அதே தொட்டித் தண்ணியோட கவர்ல போட்டு எடுத்துட்டு வந்து உங்க தொட்டியில போட்டா, அது ஒரு மாச வேலைய ஒண்ணு ரெண்டு வாரமா கொறச்சிடும். டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே 0 காட்டுதான்னு பாத்துட்டு, தண்ணிய பாதி மாத்திட்டு, அப்புறம் மீன் வாங்கப் போங்க. இந்த நேரத்துல ஒரு மணி பிளான்ட் கொடிய வெட்டி வேர் மட்டும் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி தொட்டி ஓரத்துல தொங்க விடுங்க, இலை வெளிய இருக்கணும். அது நைட்ரேட்ட உறிஞ்சு தளதளன்னு வளரும், எங்க வீட்ல இப்ப அது ஜன்னல் கம்பி வரைக்கும் ஏறியிருக்கு.

சரி, எந்த மீன்

கப்பியில ஆரம்பிங்க. சாதாரண மீனு, ஜோடி ரொம்ப கம்மி விலை, எல்லா கடையிலயும் கெடைக்கும்னு மட்டமா நெனக்காதீங்க, நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி மீனு அது. தென் அமெரிக்காவோட வடக்கு ஓரம், டிரினிடாட் தீவு அந்தப் பக்கத்து மீனு, உப்பு கலந்த கெட்டித் தண்ணிய விரும்பும், 22-ல இருந்து 28 டிகிரி வரைக்கும் சந்தோஷமா இருக்கும், கொஞ்ச நாளைக்கு 32 வரைக்கும் கூட தாங்கும். கொசுப்புழுவ ஒண்ணு விடாம தின்னுடும். ஒரே பிரச்சன குட்டி. முட்ட போடாது, நேரா குட்டிதான் போடும், நாலு வாரத்துக்கு ஒரு தடவ 20, 30, பெரிய மீனா இருந்தா அதுக்கு மேலயும். ஒரு தடவ ஆணோட சேந்துட்டா பெண் அந்த விந்த உடம்புலயே பல மாசம் சேத்து வெச்சிருக்கும், அதனால பெண் கப்பிய மட்டும் தனியா வாங்கினாலும் குட்டி வரும். பராமரிப்பு கம்மியா வேணும்னா ஆண் கப்பி மட்டும் எட்டு வாங்குங்க. ஆண் சின்னதா கலரா பெரிய வாலோட இருக்கும், வயித்துக்குக் கீழ பின்பக்க துடுப்பு விசிறி மாதிரி இல்லாம குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், கண்ணாடிக்கு பக்கத்துல முகத்த வெச்சு பாத்தா நல்லா தெரியும். ரொம்ப நீள வாலு, ரொம்ப விலை ஒசந்த வெரைட்டி எல்லாம் மொத வருஷம் வேணாம், அதுங்கள அழகுக்காகவே ரொம்ப நெருங்கின சொந்தத்துக்குள்ள வளத்து வளத்து சத்து கொறஞ்சு போயிருக்கும், கலப்படமா இருக்கற நாட்டுக் கப்பிதான் உழைக்கும்.

அடுத்து மாலி. எங்க அத்த வீட்டு கதாநாயகி. மாலி கடல் தண்ணியிலயே கூட மெல்ல மெல்ல பழகிக்கற மீனு, அதுக்கு நம்ம போர் தண்ணி ஒரு பொருட்டே இல்ல. கண்ணாடியில படியற பாசிய மேஞ்சிக்கிட்டே இருக்கும். கப்பிய விட பெருசா 3 இன்ச், 4 இன்ச் வரைக்கும் வளரும், ஜாஸ்தி தின்னும் ஜாஸ்தி கழியும், அதனால 2 அடி தொட்டிக்கு மூணு நாலு போதும், ஆண் ஒண்ணு பெண் ரெண்டு மூணு. ஆண் ஜாஸ்தியா இருந்தா பெண்ண வெரட்டி வெரட்டியே சாகடிச்சிடும். பலூன் மாலின்னு குட்டையா உருண்டையா விக்கிறாங்க, முதுகு வளைஞ்சு போன மீனுங்க அது, எனக்கு அத வாங்க மனசு வராது. மாலிக்கு கட்டாயம் கல்லுப்பு போடணும்னு கடையில சொல்லுவாங்க, ஏற்கனவே உப்பா இருக்கற நம்ம தண்ணிக்கு அது தேவையில்ல, தொட்டியில செடி வெச்சிருந்தா அதுவும் போயிடும்.

பிளாட்டி, இது கப்பிக்கும் மாலிக்கும் நடுவுல, சிவப்பு ஆரஞ்சுன்னு கலரா, யார் வம்புக்கும் போகாது. சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல, கண்ண மூடிட்டு வாங்கலாம். இதோட சொந்தக்கார மீனு ஸ்வார்டு டெயில், அதுவும் நல்ல மீனுதான் ஆனா தாவும், மூடி இல்லாத தொட்டின்னா ஒரு நாள் காலைல தரையில கெடக்கும்.

குட்டியே வேணாம், எப்பவும் துறுதுறுன்னு ஓடிக்கிட்டே இருக்கணும்னா ஜீப்ரா டேனியோ. கங்கைப் பக்கத்து ஆறு, வயல்னு நம்ம நாட்லயே பொறந்த மீனு, ஒலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடத்துல வளக்கறாங்கன்னா எவ்ளோ திடமானதுன்னு பாத்துக்கங்க. தனியா ஒண்ணு ரெண்டு வாங்காதீங்க, குறைஞ்சது ஆறு, கூட்டமா இருந்தாத்தான் தைரியமா இருக்கும். இதுவும் தாவும். ஊசி போட்டு கலர் ஏத்தின மாதிரி பளபளன்னு ஒரு கலர் மீன காட்டினா கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, சில மீனுக்கு நெசமாவே சாயம் ஏத்தறாங்க, அது மீனுக்கு கொடுமை, கலரும் நிக்காது.

கௌராமி, ஃபைட்டர் ரெண்டும் தனி வகை, தண்ணிக்கு மேல வந்து நேரா காத்த இழுத்து மூச்சு விடற உறுப்பு அதுங்களுக்கு இருக்கு. வெயில் காலத்துக்கும் கரண்ட் கட்டுக்கும் இத விட வேற என்ன வேணும். 20 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணியில 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்னா 30 டிகிரியில 7.5 தான் கரையும், சூடு ஏற ஏற மத்த மீனெல்லாம் மூச்சு வாங்கும், இதுங்க மேல வந்து ஒரு வாய் காத்து குடிச்சிட்டுப் போகும். கௌராமியில தேன் கௌராமின்னு சின்னதா ஒண்ணு இருக்கு, 2 இன்ச்தான், சாது, ஒரு ஜோடி வெக்கலாம். நீல கௌராமி 5, 6 இன்ச் வரைக்கும் வளந்து ரவுடித்தனம் பண்ணும், 2 அடி தொட்டிக்கு சரிவராது. ஃபைட்டர் வேணும்னா அது ஒண்ணே ஒண்ணுதான், 15, 20 லிட்டர் தண்ணியில தனியா, கூட கப்பி விடாதீங்க, நீள வாலப் பாத்தா இன்னொரு ஃபைட்டர்னு நெனச்சு கடிச்சு வெச்சிடும். காத்து குடிக்கிற மீனுதானேன்னு பாட்டில்லயும் டம்ளர்லயும் வெக்கிறாங்க, உயிரோட இருக்கும், நல்லா இருக்காது.

2 அடி தொட்டிக்கு நான் சொல்ற கணக்கு இது. ஆண் கப்பி எட்டு, பிளாட்டி நாலு. இல்லன்னா ஜீப்ரா எட்டு, தேன் கௌராமி ஒரு ஜோடி. இல்லன்னா மாலி மூணு, பிளாட்டி நாலு. இதுல ஒண்ணு, மூணையும் சேத்து இல்ல. அதுவும் ஒரே நாள்ல வேணாம், மொதல்ல நாலஞ்சு, ரெண்டு வாரம் கழிச்சு மீதி.

கேட்டா மனசு கஷ்டப்படும், ஆனாலும் சொல்றேன்

கோல்டு ஃபிஷ் வேணாம். எல்லா பசங்களும் மொதல்ல கை காட்டறது அதுதான், எனக்குத் தெரியும். அது குளிர் தண்ணி மீனு, 18-ல இருந்து 24 டிகிரி வரைக்கும் இருந்தா நல்லா இருக்கும், நம்ம ஊர் மே மாசம் வெளிய 40-அ தாண்டும் போது தொட்டியில 32, 33 வந்துடும். அரை அடிக்கு மேல வளரும், வயிறுன்னு தனியா ஒண்ணு கெடையாது, தின்னத தின்னபடி கழிஞ்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு 100 லிட்டருக்கு மேல தண்ணி வேணும். பத்து வருஷம் வாழக்கூடிய மீன ஆறு மாசத்துல கொல்றோம், அதான் நடக்குது.

தொட்டிய சுத்தம் பண்ணும்னு சொல்லி ஒரு சக்கர் ஃபிஷ் தலையில கட்டுவாங்க. 2 இன்ச்ல வாங்குவீங்க, அது ஒரு அடிக்கு மேல வளரும், சுத்தம் பண்றத விட அழுக்கு பண்றதுதான் ஜாஸ்தி. அப்புறம் வெக்க எடமில்லாம ஏரியில கொண்டு போய் விட்டுடறாங்க, இன்னைக்கு நம்ம நாட்ல பல ஆறு ஏரியில மீனவங்க வலையில சக்கர் ஃபிஷ்ஷா மாட்டுது, நாட்டு மீனோட முட்டைய தின்னு வலைய கிழிச்சு நாசம் பண்ணுது. ஷார்க்குன்னு சொல்லி சில்வர் கலர்ல குட்டியா விக்கிறது மூணு நாலு அடி வளரக்கூடிய ஆத்து மீனு. ஆஸ்கர், ஃபிளவர் ஹார்ன், அரோவானா இதெல்லாம் பெரிய தொட்டி, பெரிய செலவு, இந்தக் கட்டுரைக்கு சம்பந்தமில்ல. டைகர் பார்ப் அழகு, ஆனா கப்பி வால கடிச்சுத் துப்பிடும். நியான் பத்தி சொல்லிட்டேன், ஏசி ரூமும் ஆர்ஓ கலந்த தண்ணியும் வெக்க முடிஞ்சவங்க ரெண்டாவது வருஷம் யோசிங்க.

கொசுவுக்காக விடற கம்பூசியா மீனையும் யாராவது குடுத்தா தொட்டியில போடாதீங்க. கப்பி மாதிரியே இருக்கும், ஆனா மத்த மீனோட துடுப்ப எல்லாம் கடிச்சிடும்.

கடையில

நம்ம ஊர் கடைக்கெல்லாம் பெரும்பாலும் சென்னை கொளத்தூர்ல இருந்துதான் லோடு வரும். வந்த அன்னைக்கே வாங்காதீங்க, பயணக் களைப்புல எது பொழைக்கும் எது சாகும்னு கடைக்காரருக்கே தெரியாது. "லோடு என்னைக்கு வந்துச்சுண்ணா"ன்னு கேளுங்க, ஒரு வாரம் ஆயிருந்தா நல்லது. அந்தத் தொட்டியில செத்த மீனு ஒண்ணு கெடந்தாலும் அதுல இருக்கற எதையும் வாங்காதீங்க, எவ்ளோ நல்லா இருந்தாலும். துடுப்ப விரிச்சு நீந்துதா, வயிறு ஒட்டிப் போகாம இருக்கா, உடம்புல ரவை தூவின மாதிரி வெள்ளப் புள்ளி இருக்கான்னு பாருங்க, கொஞ்சம் தீனி போடச் சொல்லி தின்னுதான்னும் பாருங்க. நல்ல கடைக்காரர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

சாயங்காலம் போங்க. பகல்ல வாங்கி பைக் ஹூக்குல கவர தொங்க விட்டுட்டு வெயில்ல வந்தீங்கன்னா வீடு வர்றதுக்குள்ள கவர் தண்ணி வெந்நீரா ஆயிடும். பேப்பர்ல சுத்தி மஞ்சப்பையில வெச்சு வேற எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்கு வாங்க.

வந்ததும் தொட்டி லைட்ட அணைச்சுட்டு கவர பிரிக்காம அப்படியே தண்ணி மேல 15, 20 நிமிஷம் மெதக்க விடுங்க, சூடு சமமாகும். அப்புறம் கவர திறந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அரை டம்ளர் தொட்டித் தண்ணி ஊத்துங்க, முக்கா மணி நேரம் இப்படி. கடை தண்ணி ஒரு மாதிரி, உங்க போர் தண்ணி ஒரு மாதிரி, திடீர்னு மாத்தினா மீனுக்கு தாங்காது, இந்த முக்கா மணி நேரத்துல அவசரப்பட்டுத்தான் நெறைய பேர் மொத நாளே மீன இழக்கறாங்க. கடைசியா வலையில மீன மட்டும் எடுத்து விடுங்க, கவர் தண்ணி தொட்டிக்குள்ள போகக்கூடாது. அன்னைக்கு தீனி போடாதீங்க.

வாரத்துக்கு அரை மணி நேரம்

தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. மீன் கண்ணாடிக்கு வந்து வாய வாய தொறந்தா பசின்னு அர்த்தம் இல்ல, அதுங்க எப்பவும் அப்படித்தான். பட்டினியில செத்த மீன விட ஜாஸ்தி தீனியில செத்த மீன்தான் எங்கயும் ஜாஸ்தி. வாரத்துல ஒரு நாள் ஒண்ணும் போடாதீங்க, எங்க வீட்ல அம்மா வெள்ளிக்கெழம விரதம் இருப்பாங்க, மீனுக்கும் அன்னைக்கே.

ஞாயித்துக்கெழம ஒரு டியூப் வெச்சு அடியில இருக்கற அழுக்கோட கால்வாசி தண்ணிய உறிஞ்சி எடுங்க, ஏற்கனவே புடிச்சு வெச்சிருக்கற பக்கெட் தண்ணிய மெதுவா ஊத்துங்க. எடுத்த தண்ணி ரோஜா செடிக்கும் துளசிக்கும் அருமையான உரம். ஸ்பாஞ்ச மாசம் ஒரு தடவ அந்த எடுத்த தண்ணியிலயே பிழிஞ்சு அலசுங்க, குழாயில கழுவினா குளோரின் பட்டு பாக்டீரியா செத்துடும், ஒரு மாசம் காத்திருந்து வளத்தது அது. தொட்டிய மொத்தமா காலி பண்ணி கல்லெல்லாம் தேச்சுக் கழுவறது வேணவே வேணாம்.

வெயில் காலத்துல தண்ணி ஆவியாகி கொறையும், நாம அதே போர் தண்ணிய ஊத்தி ஊத்தி நெரப்புவோம், ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே நின்னு ஏறிக்கிட்டே போகும். அதனால கொறையற தண்ணிக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, வாரா வாரம் மாத்தற தண்ணிக்கு வழக்கமான தண்ணி.

கத்திரி வெயில் வந்தா தொட்டி மூடிய எடுத்துட்டு வலை போட்டு மூடி, ஒரு டேபிள் ஃபேன தண்ணி மேல காத்து படற மாதிரி வெய்யுங்க. வேர்வ காஞ்சா நமக்கு ஜில்லுன்னு இருக்கற மாதிரிதான், ரெண்டு மூணு டிகிரி கொறையும். லைட்ட கம்மியா போடுங்க, தீனியும் கம்மி. ஐஸ் கட்டிய அள்ளிக் கொட்டாதீங்க, திடீர்னு ஏறி எறங்கற சூடுதான் மீனுக்கு ஆகாது. மார்கழி தையில ராத்திரி குளிர்ல தண்ணி 22-க்கு கீழ போகும் போது வெள்ளப் புள்ளி நோய் வரலாம், அப்ப லிட்டருக்கு 2 கிராம் கணக்குல கல்லுப்ப தனியா கரைச்சு ரெண்டு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, ஹீட்டர் இருந்தா 28, 29-ல வெச்சு ரெண்டு வாரம் விட்டா கப்பி, மாலி, பிளாட்டிக்கு பெரும்பாலும் சரியாயிடும்.

மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் போற அன்னைக்கு காலைல தீனி போடாதீங்க. பேட்டரியில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க, அது இல்லன்னா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ மக்குல தொட்டித் தண்ணிய மோந்து அரை அடி ஒசரத்துல இருந்து பத்து தடவ ஊத்தினா போதும், காத்து கலந்துடும்.

குட்டி ஜாஸ்தியாகி எடம் பத்தலன்னா தெரிஞ்சவங்களுக்கு குடுங்க, கடைக்கே திருப்பிக் குடுங்க. பாலாத்துலயோ ஓட்டேரியிலயோ கோட்டை அகழியிலயோ விடாதீங்க. பாவம் பாத்து விடறோம்னு நெனப்போம், ஆனா கப்பி அங்க போயி பெருகி ஏற்கனவே கொறஞ்சுக்கிட்டு வர்ற நம்ம சின்னச் சின்ன நாட்டு மீனோட எரையையும் முட்டையையும் தின்னுடும்.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போறீங்கன்னா நல்லா இருக்கற பெரிய மீனு நாலஞ்சு நாள் தீனி இல்லாமலே இருக்கும், கவலப்படாம போங்க. அதுக்கு மேலன்னா பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டுப் போங்க, ஆனா தீனி டப்பாவ குடுத்துடாதீங்க, பாசத்துல அள்ளிப் போட்டுடுவாங்க. திருநீறு மடிக்கிற மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம்னு பேப்பர்ல மடிச்சு மேல தேதி எழுதிக் குடுங்க, டப்பாவ பீரோவுல வெச்சு பூட்டிட்டுப் போங்க.